கட்டாரில் இருந்து வந்த பெட்டி

என் வேனின் முன்கண்ணாடியில் இப்போது ஒட்டிக்கொண்டிருப்பது, பாதை காட்டுகிற என் இரண்டாவது ஜிபிஎஸ் பெட்டி. முதலாவது போன மாதம் வரை வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்தது. மகன் எப்போதாவது எடுத்து விளையாடுவான். முதலாவதில் பட்ட பாடும் இரண்டாவதை வாங்கிய விதமும் நம் மலைப்பக்கத்தில் வண்டி ஓட்டுகிற யாருக்காவது உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் வேன் ஹயர் ஓடுகிறவன் நான். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, எயார்போட், சிவனொளிபாதமலை சீசன் என்று எல்லா ஓட்டமும் உண்டு. "பொறந்து வளந்த ஊருல ஓடுறவனுக்கு எதுக்குடா ஜிபிஎஸ்?" என்று ஸ்டாண்டில் கேட்காத ஆள் இல்லை. மெயின் ரோட்டுக்கு வேண்டாம்தான். கினிகத்தேனை ஏற்றத்தில் இருந்து நுவரெலியா வரை எந்த வளைவில் எந்தக் கடை என்று சொல்லிவிடுவேன். மெயின் ரோட்டை விட்டு இறங்கிய பிறகுதான் சிக்கல். தோட்டம் என்றால் ஒரே இடமா? மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, இன்னும் இரண்டு டிவிஷன் என்று மலையைச் சுற்றிக் கிடக்கும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் ஓர் ஆறு இருக்கும், பாதை வேறு சந்தியில் பிரியும். கல்யாணப் பத்திரிகையில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். அதுவும் பலகையில் இருப்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர், பெரியவர்கள் வாயில் இருப்பது தமிழ்ப் பெயர்.

போன் இருக்கிறதே என்பீர்கள். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் ஓர் இரவு, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து பிரசவ வலி எடுத்த ஒரு பிள்ளையை நுவரெலியாவுக்குக் கொண்டுபோகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது ஒரு மேட்டில் ஏறி நின்று. நான் பாதி வழி போவதற்குள் டவரின் பெட்டரியும் இறங்கிவிட்டது போல, சிக்னலில் ஒரு கோடுகூட இல்லை. போனில் வரைபடம் வெறும் சாம்பல் கட்டமாகி, நடுவில் நீலப் புள்ளி மட்டும் என்னோடு நகர்ந்துகொண்டிருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று போனுக்குத் தெரிகிறது, அங்கே என்ன ரோடு இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் படுத்திருந்த ஒருவரை எழுப்பி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பிள்ளையும் குழந்தையும் சுகம்.

அந்த நீலப் புள்ளிதான் என்னை யோசிக்க வைத்தது. ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்புவதைக் கேட்பது மட்டும்தான் நம் பெட்டியின் வேலை. திருப்பி எதையும் அனுப்புவதில்லை. நான்கு செய்மதிகள் கேட்டால் இடமும் உயரமும் கணக்காகிவிடும். இதற்கு டவர் வேண்டாம், டேட்டா வேண்டாம். போனில் டேட்டா தின்பது வரைபடம். அந்த வரைபடம் முழுதாகப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டால் கரண்ட் போனாலும் கவலை இல்லை.

இதை மச்சானிடம் சொன்னேன். தங்கச்சி மாப்பிள்ளை, கட்டாரில் டிரைவர் வேலை. அந்த வருடக் கடைசியில் லீவில் வந்தபோது, முதலாளி வீட்டில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றைச் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அஞ்சு இன்ச் திரை, கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம், சிகரெட் லைட்டரில் செருகும் வயர், எல்லாம் இருந்தது. அன்றைக்கே வேனில் மாட்டி மஸ்கெலியாப் பக்கம் ஓடிப் பார்த்தேன். செய்மதியைத் தேடுகிறேன், தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டேன்.

கெடவில்லை. பல மாதம் அணைந்து கிடந்து, வேறு நாட்டில் கண் விழித்த பெட்டிக்கு எந்தச் செய்மதி எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது. அந்த அட்டவணையைச் செய்மதிகளே அனுப்புகின்றன. முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் பிடிக்கும். போன் இதை நெட்வேர்க்கில் இருந்து ஒரு நொடியில் எடுத்துக்கொள்வதால் நமக்கு இந்தக் காத்திருப்பே பழக்கம் இல்லை. நான் என்ன செய்தேன்? சவுக்கும் யூக்கலிப்டஸ் மரமும் மூடிய ரோட்டில், ஒரு பக்கம் மலைச் சுவரை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே தேடச் சொன்னேன். அடுத்த நாள் டன்பார் மைதானத்துக்குப் பக்கத்தில் வானம் தெரிகிற இடமாகப் பார்த்து, வண்டியை நிறுத்தி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். பிடித்துவிட்டது. புதிதோ பழையதோ, பெட்டி கைக்கு வந்த முதல் நாள் இதைச் செய்யுங்கள்.

பிடித்தது சரி, காட்டியது என்ன? வெள்ளைத் திரையில் ஒரு சின்னக் கார். சுற்றிலும் ஒன்றுமே இல்லை. உள்ளே இருந்தது வளைகுடா நாடுகளின் வரைபடம். திகதி வேறு 2003 ஏப்ரல் என்றது. அது பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரலில். அதைச் சமாளிக்கத் தெரியாத பழைய பெட்டிகள் பத்தொன்பதரை வருடம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பாதை காட்டுவதில் பெரிய பிழை வராவிட்டாலும் அது காட்டும் திகதியை நம்ப முடியாது. யாராவது பழைய பெட்டி விற்க வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். அது பிழை என்றால் பெட்டியின் வயசு தெரிந்துவிடும், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

வரைபடத்துக்கு ஒரு வழி கிடைத்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று உலகம் முழுக்க ஆட்கள் சும்மா வரைந்து சேர்க்கும் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதைக் கார்மின் கம்பெனிப் பெட்டிகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றி இலவசமாகத் தருகிறார்கள். இலங்கையை மட்டும் தெரிவு செய்து இறக்கி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்ட்டில் போட்டுச் செருகினால் வேலை முடிந்தது. எல்லாக் கம்பெனிப் பெட்டியிலும் இது நடக்காது, எனக்கு வாய்த்தது கார்மின் என்பது என் அதிர்ஷ்டம். கார்ட்டைப் பழைய முறையில் ஃபோர்மட் செய்திருக்க வேண்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்ட் பழைய பெட்டிகளுக்குச் சரிவராது. டவுனில் போன் கடைத் தம்பி பத்து நிமிடத்தில் செய்து தந்தான்.

மறுநாள் பெட்டியில் நம் ஊர் தெரிந்தபோது வந்த சந்தோசம் இருக்கிறதே! தோட்டத்து ரோடு, பெக்டரி, கோயில் எல்லாம் இருந்தன. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடைகூட இருந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

லிந்துலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகிறேன். சாயங்காலம், நல்ல மழை. பெட்டியில் 'குறுகிய பாதை' என்று போட்டு வைத்திருந்தேன். குறுகியது என்றால் நல்லதுதானே? மெயின் ரோட்டை விட்டு இறக்கி, காபட் ரோடு முடிந்து, கொங்கிரீட் முடிந்து, தேயிலைக்கு நடுவே கல்லுப் பாதையில் விட்டது. பின்சீட்டில் பெரியம்மா ஒருவர் முருகனைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். ஒரு வளைவில் டோர்ச் வெளிச்சம் ஆடியது. தலையில் சாக்கு போட்ட வாட்சர் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க தம்பி போறீங்க?"

சொன்னேன்.

"இப்பிடியா? பாலம் ஒடஞ்சி ரெண்டு வருசமாச்சே. யாரு சொன்னா இந்தப் பக்கம் வரச் சொல்லி?"

நான் பெட்டியைக் காட்டினேன். அவர் குனிந்து அதைப் பார்த்தார். "இதுல பாலம் இருக்குதா?" என்று கேட்டார். இருந்தது. அழகாக, உடையாமல், ஆற்றுக்கு மேலே நேராக இருந்தது. அந்தக் கல்லுப் பாதையில் எட்டுப் பேரோடு வேனைத் திருப்ப இடம் இல்லாமல், ஏறக்குறைய அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம் பின்னாலேயே வந்தேன். வாட்சர்தான் டோர்ச் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். முகூர்த்தம் மறுநாள் காலை என்பதால் தப்பித்தேன்.

அன்றைக்கு இரவே இரண்டு விஷயத்தை மாற்றினேன். 'குறுகிய பாதை'யை எடுத்துவிட்டு 'வேகமான பாதை' போட்டேன். 'செப்பனிடாத வீதியைத் தவிர்' என்பதையும் போட்டேன். மலைநாட்டில் ஓடும் எவரும் பெட்டியை வாங்கிய கையோடு இந்த இரண்டையும் செய்துவிட வேண்டும். நானுஓயாவில் இருந்து ரதல்லைக்கு இறங்கும் குறுக்கு வீதியை நினைத்துப் பாருங்கள். தூரம் மிச்சம்தான், ஆனால் சரிவு பிரேக்கைத் தின்றுவிடும். 2023 ஜனவரியில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் செத்தது அந்த வீதியில்தான். கிலோமீட்டரை மட்டும் பார்க்கிற பெட்டி வெளியூர் டிரைவரை அங்கே தாராளமாக அனுப்பும். வரைபடத்தில் அது ஒரு கோடு, அவ்வளவுதான்.

இரண்டாவது பெட்டியைக் கொழும்பில் போய், கடையில் நின்று பார்த்து வாங்கினேன். கடைக்காரர் ஏழு இன்ச் பெட்டி ஒன்றை எடுத்து, போக்குவரத்து நெரிசல் காட்டும், ரிவர்ஸ் கேமரா பூட்டலாம் என்று அடுக்கினார். நெரிசலா? தலவாக்கலையில் நெரிசல் என்றால் கொழுந்து லொறி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிறது என்று அர்த்தம். அதற்குச் செய்மதி தேவையில்லை. நான் சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டை எடுத்தேன். டயகம, பூண்டுலோயா, கந்தப்பளை, அப்கொட், இராகலை என்று ஐந்து பெயர் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கச் சொன்னேன். பெரிய பெட்டி இரண்டைத்தான் கண்டுபிடித்தது. பக்கத்தில் இருந்த ஆறு இன்ச் பெட்டி நான்கைக் கண்டுபிடித்தது. பூண்டுலோயாவுக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக் கூட்டல். அதனால்தான் ஐந்தாவது கிடைக்கவில்லை, இரண்டு எழுத்தை மாற்றியதும் வந்துவிட்டது. கடைக்காரருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. நீங்கள் வாங்கும்போதும் உங்களுக்குத் தெரிந்த சின்ன ஊர்களாக ஐந்தை எழுதிக்கொண்டு போங்கள். கொழும்பு, கண்டி, நுவரெலியா எந்தப் பெட்டியிலும் இருக்கும்.

அப்புறம் இன்னும் சில கேள்வி கேட்டேன். இலங்கை வரைபடம் உள்ளே இருக்கிறதா, அதைப் புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் காசா, கார்ட் போட இடம் இருக்கிறதா என்று. அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செய்மதிகளையும் கேட்குமா என்றும் விசாரித்தேன். இது நமக்கு முக்கியம். கித்துல்கலைக்கு மேலே ஏறும்போது ஒரு பக்கம் மலை எழும்பி வானத்தில் பாதியை மறைத்துவிடும். மிச்சப் பாதியில் எத்தனை செய்மதி அகப்படுகிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். பல நாட்டுச் செய்மதிகளைக் கேட்கிற பெட்டிக்கு அங்கேயும் நான்குக்கு மேல் கிடைக்கும். இடையில் ஒன்று: பனிமூட்டத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று ஸ்டாண்டில் சத்தியம் செய்வார்கள். நம்பாதீர்கள். பனி நம் கண்ணைத்தான் மறைக்கும், அந்த அலையை மறைக்காது. மலையும் பாறையும்தான் மறைக்கும், நனைந்த அடர்ந்த மரம் கொஞ்சம் குறைக்கும். இறம்பொடையில் 225 மீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்தால் எந்தப் பெட்டியும் செவிடாகிவிடும், வெளியே வந்ததும் சரியாகிவிடும்.

பெட்டரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்தப் பெட்டிகளின் பெட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது, வயரைச் செருகியே வைத்திருக்க வேண்டும். லொறி ஓட்டுகிறவர்கள் வயர் 24 வோல்ட்டுக்கு ஒத்துவருமா என்று பார்த்து வாங்குங்கள்.

எங்கே ஒட்டுவது என்று மூன்று இடம் பார்த்தேன். முதலில் கண்ணாடிக்கு நடுவில், உயரமாக. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது மேலே இருந்து பஸ் வருகிறதா என்று கண்ணாடியின் மேல்பக்கத்தால்தான் பார்ப்போம். பெட்டி அதை மறைத்தது. பிறகு வலது மூலைக்கு மாற்றினேன். வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் தூணும் பெட்டியும் சேர்ந்து ஒரு முழு ஆட்டோவை விழுங்கின. இப்போது ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், டேஷ்போர்டை ஒட்டி, கீழே இருக்கிறது. ஏழு இன்ச் வாங்காததற்கு இதுவும் ஒரு காரணம். விடியற்காலைக் குளிரில் ரப்பர் கிண்ணம் கழன்று விழும். கண்ணாடியைத் துடைத்துக் காயவைத்து, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து ஒட்டினால் நுவரெலியாக் குளிரிலும் நிற்கிறது.

பெட்டிக்கு மலை புரியாது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் மேல் ரோடும் கீழ் ரோடும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அதன் கணக்கு சில மீட்டர் பிசகினால் போதும், நான் மேலே போகும்போது கீழ் ரோட்டில் போவதாக நினைத்து "திரும்பு, திரும்பு" என்று கத்தும். அந்த இடங்களில் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரோட்டைப் பார்க்கிறேன். நேரமும் அப்படித்தான். ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்கு ஒரு மணி நேரம் என்று சொல்லும். பனி, கொழுந்து லொறி, ஒரு டீ எல்லாம் சேர்த்து நான் பயணிகளிடம் சொல்வது ஒன்றே முக்கால்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரில் அகப்படாத இடத்துக்கு அதுதான் வழி. ஹட்டனை ஒட்டிய தோட்டம் ஒன்றுக்குச் சாமான் ஏற்றிப் போக, ஒருவர் துண்டில் 6 54 12, 80 36 20 என்று எழுதித் தந்தார். நான் 6.5412, 80.3620 என்று அடித்தேன். பெட்டி என்னைக் கலவானைப் பக்கம், சிங்கராஜக் காட்டுக்குக் கிட்டப் போகச் சொன்னது. அவர் தந்தது பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செக்கன்). நான் அடித்தது தசமம். 54 கலை என்றால் 0.54 இல்லை, அறுபதால் பிரிக்க வேண்டும்: 0.9. சரியான எண் 6.9033, 80.6056. ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்ததில் 48 கிலோமீட்டர் பிசகு. ஹட்டனைச் சுற்றி என்றால் முதல் எண் 6.9ஐயும் இரண்டாவது 80.6ஐயும் ஒட்டி வரும். அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். வேறு மாதிரி வந்தால் வண்டியை எடுப்பதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனையோ ரோடு மண்ணோடு போனது. பெட்டிக்கு அது எதுவும் தெரியாது. மண் மூடிக் கிடந்த ரோட்டில் "நேராகப் போ" என்றுதான் சொன்னது. மழை நாட்களில் புறப்படும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன், சந்தேகம் இருந்தால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடிக்கிறேன், அந்தப் பக்கத்து பஸ் டிரைவர் யாருக்காவது போன் போடுகிறேன். பெட்டியை அதற்குப் பிறகுதான் போடுவது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் வைத்திருக்கிறேன் என்றால், நான் குறித்து வைத்த இடங்களுக்காக. லிந்துலைக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று 'இந்த இடத்தைச் சேமி' என்பதை அமுக்கி, நம் ஆட்கள் சொல்லும் பெயரைப் போடுவேன். தமிழில் அடிக்க முடியாது, ஆங்கில எழுத்தில் தமிழ்தான். மேல்பிரிவு மாரியம்மன் கோயில், பழைய மடுவம், வேன் திரும்பும் இடம். 'வேன் திரும்பும் இடம்' மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கும். உடைந்த பாலம் என்றும் ஒன்று இருக்கிறது, அந்த வாட்சர் நின்ற வளைவில். இப்போது மொத்தம் நூற்றறுபதைத் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி வரைபடத்திலும் இது கிடைக்காது. பெட்டி தொலைந்தால் இவையும் போகும் என்பதால் மாதத்துக்கு ஒரு தடவை மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறான்.

மாதத்தில் ஒரு தடவை தூரப் பயணம் போகிறவர்கள் பெட்டி வாங்க வேண்டாம். போனிலேயே வீட்டு வைஃபையில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போதும், சிக்னல் இல்லாமலும் ஓடும். எனக்கு ஹயர் கோல் வந்துகொண்டே இருக்கும், பாதை காட்டும்போது போன் அடித்தால் இரண்டு வேலையும் கெடும், வெயிலில் போன் வேறு சூடாகி அணைந்துவிடும். அதனால் பெட்டி.

போன மாதம் மச்சான் கட்டாரை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவரும் வேன் ஒன்று எடுத்திருக்கிறார். "எந்தப் பெட்டி வாங்கலாம் மச்சான்?" என்று கேட்டார். அலுமாரிக்கு மேலே இருந்த அவருடைய பழைய பெட்டியையே இறக்கி, தூசி தட்டி, புது வரைபடமும் என் நூற்றறுபது இடமும் ஏற்றிக் கொடுத்தேன். திகதி இன்னும் பிழைதான். வேனில் உட்கார்ந்து பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இது என்ன, 'சூடான வடை'?"

"மல்லியப்பு சந்தி தாண்டி இடப்பக்கம். நாலு மணிக்கு முன்ன போகணும்."

மணியைப் பார்த்தார். மூன்றரை. வண்டியை எடுத்தார்.